வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி என்ன? குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"அக்ரிமென்ட் நாலு மாசம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேட்கல. இப்ப திடீர்னு அடுத்த வாரம் காலி பண்ணுங்கிறார்." வாடகை வீட்டுச் சண்டைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டில் குடியிருப்பு வீடுகளுக்குப் பொருந்துபவை. புதுச்சேரிக்கு வேறு சட்டம், கடை வாடகையில் வேறு சிக்கல்கள்; அவற்றை இங்கே தொடவில்லை. வழக்கு என்று வந்துவிட்டால் உங்கள் காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. இன்று காலையிலிருந்து நான் சட்டப்படி யார்? அத்துமீறிக் குடியிருப்பவனா?

இல்லை. தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 அன்று அமலுக்கு வந்தது. பலரும் இன்னும் வாய்தவறிச் சொல்லும் 'ரென்ட் கன்ட்ரோல்', அதாவது 1960ஆம் ஆண்டுச் சட்டம், அன்றோடு ரத்தாகிவிட்டது.

இந்தப் புதுச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் உங்களுக்கான பதில் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தம் முடிந்து, அதைப் புதுப்பிக்கவும் இல்லை, வீட்டைக் காலி செய்யவும் இல்லை என்றால், பழைய நிபந்தனைகளின் மேலேயே மாதத்துக்கு மாதம் வாடகை நீடிப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு: அதிகபட்சம் 6 மாதம். ஜூலை 31ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தால், ஜனவரி 31 வரை நீங்கள் பழைய வாடகையில், பழைய நிபந்தனையில் இருக்கும் குடித்தனக்காரர்.

என்னைக் கேட்டால், ஒரு குடித்தனக்காரர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவு இது ஒன்றுதான். அந்த 6 மாதத்தை அவகாசமாகப் பாருங்கள். வேறு வீடு பார்க்க, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிய, அல்லது உட்கார்ந்து பேசிப் புது ஒப்பந்தம் போட அது போதும். சும்மா கழியவிட்டால் ஏழாவது மாதத்தில் நிலைமை தலைகீழாகிவிடும்.

அந்த 6 மாதத்துக்குள் 'அடுத்த மாசத்துல இருந்து 3,000 கூடக் கொடுங்க' என்கிறார். கொடுக்க வேண்டுமா?

பழைய நிபந்தனை என்றால் வாடகையும் பழையதுதான். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தில் 'புதுப்பிக்கும்போது 5 சதவீதம் ஏற்றப்படும்' என்று ஒரு வரி இருக்கலாம். அது புது ஒப்பந்தம் போடும்போது வர வேண்டிய ஏற்றம். நீங்களோ இன்னும் புதுப்பிக்கவே இல்லை.

ஆனால் இங்கே சட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதே தெருவில் வாடகை எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள். அவர் கேட்பது நியாயமாக இருந்து, உங்களுக்கும் அந்த வீட்டில் தொடர ஆசை இருந்தால், ஏற்றத்தை ஒப்புக்கொண்டு இன்னொரு 11 மாதமோ 2 வருடமோ எழுத்தில் வாங்கிவிடுவதுதான் லாபம். 6 மாதத்துக்குப் பிறகு புதுப்பிக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த உங்களிடம் எந்த உரிமையும் இல்லை. புதுப்பிப்பது இருவரும் சம்மதித்தால் மட்டுமே நடக்கும்.

6 மாதமும் தாண்டிவிட்டது. இப்போது?

இப்போது உங்கள் கால் வழுக்கும் இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தப்படியோ நோட்டீஸ் மூலமோ நீதிமன்ற உத்தரவாலோ குடித்தனம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால், மாத வாடகையின் இரு மடங்கை வீட்டுக்காரர் இழப்பீடாகக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மாதம் 15,000 வாடகை என்றால் 30,000. வழக்கு ஒரு வருடம் இழுத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'கேஸ் போட்டா பத்து வருஷம் ஓட்டிடலாம்' என்று பழைய அனுபவத்தில் யாராவது அறிவுரை சொன்னால் அவர் 1960 சட்டத்தில் நின்றுகொண்டு பேசுகிறார்.

அப்படி இருந்தும், உங்களை வீட்டைவிட்டு இறக்க அவருக்குக் கை பலம் உதவாது. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அதை நிறைவேற்றும் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெற முடியும்.

ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கதவில் புதுப் பூட்டு. சாமான்கள் உள்ளே. ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அது சரியா?

சரியே இல்லை. இதில் நீதிமன்றங்களின் பேச்சு ரொம்ப காலமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. 1989இல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில், அனுமதிக் காலம் முடிந்தவரைக்கூட உரிமையாளர் சட்டத்தின் வழியாகத்தான் வெளியேற்ற முடியும், தானாகப் புகுந்து இடத்தைப் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003இல் ராமே கவுடா வழக்கிலும் அதே கருத்து: ஓரிடத்தில் நிலையாக அமர்ந்திருப்பவரை, சொந்தக்காரரே ஆனாலும், பலத்தால் அகற்றக் கூடாது.

செய்ய வேண்டியவை. பூட்டையும் கதவையும் தேதி தெரியும்படி படம், வீடியோ எடுங்கள். பக்கத்து வீட்டார் யார் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். யாருக்கு வீட்டில் உரிமை என்ற தகராறு சிவில்தான், மறுக்கவில்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டின் பூட்டை உடைத்ததும், உள்ளே புகுந்ததும், சாமானை வெளியே எறிந்ததும் குற்றப் புகாருக்கு உரியவை. அதை மட்டும் பிரித்து எழுதிக் கொடுங்கள். வாடகைக் கதை முழுவதையும் புகாரில் கொட்டினால் முக்கியமான வரி காணாமல் போய்விடும்.

அப்புறம் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963. அதன் 6ஆவது பிரிவின்படி, முறையான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே எழாது. யார் குடியிருந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார், இவ்வளவுதான் விசாரணை. 6 மாதம் தாண்டினால் இந்த வாசல் மூடிவிடும், அதனால் 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

பூட்டவில்லை, ஆனால் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டார். கரண்டையும் துண்டிக்கப் போவதாகச் சொல்கிறார்.

வெளியேற்றுவதற்குப் பலர் கையாளும் மௌனமான வழி இது. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடுவது, கழிவுநீர்க் குழாய் அடைத்தால் கவனிக்காமல் விடுவது, பொது மின்விளக்கைக் கழற்றுவது என்று இதில் எத்தனையோ ரகம்.

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நேரடியாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்று 2017 சட்டம் தனியாகவே சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் (இதற்காக மாவட்ட ஆட்சியர் நியமிப்பவர்) மனுக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திராமல் உடனே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் ஆட்சேபமின்மைச் சான்று தர மறுக்கிறார் என்பதற்காகக் குடியிருப்பவருக்கு அதை மறுக்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும்: மின் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டியதாக இருந்து, நீங்கள் கட்டாமல் இணைப்புப் போனால் அதற்கு வீட்டுக்காரர் பொறுப்பல்ல. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

'இனி உங்க வாடகை எனக்கு வேண்டாம், வீடுதான் வேணும்' என்று பணத்தைத் திருப்பி அனுப்புகிறார். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இந்தப் பொறியில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 3 மாதம் வாங்க மறுப்பார், நாலாவது மாதம் 'வாடகை பாக்கி' என்று நோட்டீஸ் வரும். 2 மாத வாடகை பாக்கி என்பதே வெளியேற்றக் கேட்பதற்குப் போதுமான காரணம்.

கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். எந்த மாத வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள். திரும்பி வந்தால் அந்தத் திரும்பிய பதிவே உங்களுக்குச் சாட்சி. அதற்குப் பிறகும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஏற்கெனவே பாக்கி விழுந்துவிட்டது, நோட்டீசும் வந்துவிட்டது என்றால் பதற வேண்டாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு போட மாட்டார்கள். அந்தச் சலுகை ஒருமுறை கிடைத்தபின் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடர்ந்து 2 மாதம் தவறினால் கிடைக்காது.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடைசி 3 மாதம் வாடகை கொடுக்காமல் இருக்கலாமா?

ஊர் முழுக்க நடப்பதுதான். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் (ஒரு வாட்ஸ்அப் பதில்கூடப் போதும்) சரி. சம்மதம் இல்லாமல் நீங்களாகச் செய்தால் அது வாடகை பாக்கிதான். ஒப்பந்தம் முடிந்து போய், உறவும் கசந்து இருக்கும் நேரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும்? பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சட்டமா?

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு. எவ்வளவு அட்வான்ஸ் வாங்கலாம் என்பதற்கும் அளவு உண்டு: வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் சென்னையில் இன்னும் 10 மாத அட்வான்ஸ் புழங்குகிறது.

பெயின்டிங் விஷயத்துக்கு வருவோம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய்களை மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, வாஷ்பேசின், கதவுப் பிடி, பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது எல்லாம் நம் பக்கம். ஆக, ஒப்பந்தத்தில் பெயின்டிங் செலவு குடித்தனக்காரருடையது என்று எழுதியிராவிட்டால், அந்த ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம்தான், சட்டம் அல்ல.

எனக்கே நடந்தது. 6 வருடம் இருந்த வீட்டைக் காலி செய்தபோது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, ஆணி அடித்த ஓட்டைகளுக்குத் தனியாக 4,000 என்று கழித்தார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் பெயின்டிங் பற்றி ஒரு வரி இருந்தது, நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆணி பற்றி ஏதும் இல்லை. அட்டவணையைக் காட்டி அந்த 4,000ஐ மட்டும் திரும்ப வாங்கினேன். 6 வருடம் ஆள் வாழ்ந்த சுவரில் நிறம் மங்குவதும் நாலு ஆணி இருப்பதும் இயல்பான தேய்மானம். சட்டம் அதைக் குடித்தனக்காரர் தலையில் கட்டுவதில்லை. சுவரை இடித்து அலமாரி வைத்திருந்தால் அது வேறு கதை.

நான் மாத வாடகைக்கு இல்லை. 8 லட்சம் கொடுத்து 3 வருட லீசுக்கு இருக்கிறேன். காலம் முடிந்தது, வீட்டுக்காரர் பணம் இல்லை என்கிறார். வேறு ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் தருவாராம்.

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நஷ்டப்படுகிறவர்கள் வாழ்நாள் சேமிப்பை வைத்திருப்பவர்கள்.

சென்னையில் 'லீஸ்' என்றும் மற்ற ஊர்களில் 'போக்கியம்', 'ஒத்தி' என்றும் சொல்வது ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான். மொத்தமாகப் பணம், மாத வாடகை கிடையாது, காலம் முடிந்தால் பணம் திரும்ப. சட்டத்தின் கண்ணில் இது இரண்டில் ஒன்றாக இருக்கும். பத்திரத்தில் போக்கிய அடமானம் என்று எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் நீங்கள் அடமானம் பெற்றவர். சொத்து மாற்றச் சட்டம், 1882 அப்படிப்பட்டவருக்குப் பணம் வரும்வரை வீட்டைத் தன் வசம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. அந்த நிலையில் காலம் முடிந்தது என்பதற்காக யாரும் உங்களைக் கிளப்ப முடியாது. வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் உங்கள் அடமானம் வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும், வில்லங்கச் சான்றிலும் தெரியும்.

நடப்பில் பத்துக்கு ஒன்பது பேர் (கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்) 20 ரூபாயோ 100 ரூபாயோ முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிறார்களாம். பதியாத பத்திரம் அடமானத்தை உண்டாக்காது. அப்போது உங்களிடம் இருப்பது பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டும். வீட்டின் மேல் பிடிப்பு இல்லை. பண வசூல் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. அதனால்:

பணத்தைத் திருப்பிக் கேட்டு உடனே வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் 'கொஞ்சம் டைம் கொடுங்க' என்று சொன்னால் வாய்ப் பேச்சாக விடாமல், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்று அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும், பழைய காலவரம்பு முடிவதற்கு முன் வாங்கியிருந்தால். பணம் வாங்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு 'அடுத்த மாதம் தருகிறேன்' என்பதை நம்பிப் போகாதீர்கள். அதேபோல, வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு முன்பே வங்கி அடமானம் வாங்கியிருந்தால், கடன் கட்டாத நிலையில் வங்கி வந்து நிற்கும், உங்கள் 8 லட்சம் வரிசையில் பின்னால் போய்விடும். இதை லீசுக்குப் போகும் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது, தெரியும். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஒப்பந்தத்தை எங்கேயும் பதியவே இல்லை. அதனால் எனக்கு லாபமா நஷ்டமா?

இருவருக்கும் நஷ்டம். 2017 சட்டப்படி எவ்வளவு குறைந்த காலத்துக்கு வாடகைக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம், வீட்டுக்காரரும் செய்யலாம், நீங்களும் செய்யலாம். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலிருந்து வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 11 மாதம் என்ற பழக்கம் வந்ததே அந்தச் சார்பதிவாளர் பதிவைத் தவிர்க்கத்தான்: ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்பது மத்தியச் சட்டம். 11 மாதம் போட்டால் அங்கே பதிய வேண்டாம். ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவதிலிருந்து 11 மாதம் உங்களைக் காப்பாற்றாது.

பதியாத ஒப்பந்தத்தை உரிமைக்கு ஆதாரமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. 'என் ஒப்பந்தத்தில் 2 வருடம் எழுதியிருக்கிறது' என்று நீங்கள் நிற்க முடியாமல் போகும். இன்னொன்று, 2019க்கு முன்பிருந்தே குடியிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைக் கேட்டு வீட்டுக்காரர் மனுப் போடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பழைய குடித்தனக்காரர்கள் பலர் வீட்டை இழந்தது இந்தக் காரணத்தால்தான். வீட்டுக்காரர் ஒப்பந்தம் போட வரவில்லை என்றால், நீங்கள் அழைத்ததற்கு அத்தாட்சியாக ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதமாவது போட்டு வையுங்கள்.

12 வருடம் ஒரே வீட்டில் இருந்தால் வீடு நமக்குச் சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. 12 இல்லை, 40 வருடம் இருந்தாலும் ஆகாது. 12 வருடக் கணக்கு எதிர் அனுபவம் என்ற வேறொரு கோட்பாட்டிலிருந்து வருகிறது. சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவருக்குத் தெரியும்படி அனுபவிப்பவருக்கானது. நீங்களோ மாதாமாதம் வாடகை கொடுத்து 'இது உங்கள் வீடு' என்று ஒப்புக்கொண்டு இருக்கிறீர்கள். குடியேறும்போது வீட்டுக்காரராக ஏற்றுக்கொண்டவரின் உரிமையைப் பிறகு மறுக்கவும் சாட்சியச் சட்டம் விடாது. இதே வதந்தியைக் கேட்டுப் பயந்துதான் பல வீட்டுக்காரர்கள் 11 மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள். வதந்தி இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது.

வீட்டை விற்றுவிட்டார். புது முதலாளி 'என்கிட்ட உனக்கு அக்ரிமென்ட் இல்லை' என்கிறார்.

வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் நிற்கிறார். அவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் இவருக்கும், அதற்கு மேல் இல்லை. அந்த 6 மாத அவகாசம் மிச்சமிருந்தால் இவருக்கும் பொருந்தும். அட்வான்ஸை யார் திருப்பித் தருவது என்பதை மட்டும் மூவரும் உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். விற்ற பணத்தோடு பழையவர் ஊரைவிட்டுப் போனபின் அலைய நேரிடும்.

ஒப்பந்தம் என் கணவர் பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டார்.

அவரோடு அதே வீட்டில் வாழ்ந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மிச்சமுள்ள வாடகைக் காலம் வரை இருக்கும் உரிமை வந்து சேரும். அதற்கு மேல் தொடர வேண்டும் என்றால் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் தேவை. வாடகையை இனி உங்கள் கணக்கிலிருந்து அனுப்பத் தொடங்குங்கள்.

எங்கள் வீடு கிராமப் பஞ்சாயத்தில் இருக்கிறது. கோயில் வீட்டில் இருப்பவர்களுக்கு?

2017 சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. கிராமத்தில் பழைய சொத்து மாற்றச் சட்டம்தான். காலம் முடிந்தபிறகும் வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால் மாதக் குடித்தனமாகத் தொடரும். முடிக்க 15 நாள் நோட்டீஸ் கொடுத்து, பிறகு சிவில் நீதிமன்றம் போக வேண்டும். வீட்டுக்காரர் தானாகப் பூட்டுப் போடுவது அங்கேயும் செல்லாது.

கோயில் வீடு ரொம்பவே வேறு. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 78ஆவது பிரிவு, குத்தகைக் காலம் முடிந்தும் இருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்றே கணக்கில் வைக்கிறது. மேலே சொன்ன 6 மாதக் கணக்கை அங்கே எதிர்பார்க்காதீர்கள். காலம் முடியும் முன்பே அலுவலகத்தில் புதுப்பிக்க எழுதிக் கொடுங்கள். அரசுக் குடியிருப்புகளுக்கும் 1975ஆம் ஆண்டிலிருந்து தனி வெளியேற்றச் சட்டம் இருக்கிறது.

சரி, யாரிடம் போவது?

தண்ணீர், கரண்ட், வாடகைத் தகராறு, ஒப்பந்தப் பதிவு: வாடகை அதிகாரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் நியமித்திருப்பார், அவர் யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். வெளியேற்றம்: வாடகை நீதிமன்றம். அங்கே தோற்றால் மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஒருவழியாகக் காலி செய்யப் போகிறேன். சாவி கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

வண்டி கிளம்பியபின், காலியான ஒவ்வோர் அறையையும் சுவர், தரை, கழிவறை, சமையலறை மேடை என்று வீடியோ எடுங்கள். மின் மீட்டரின் எண் தெரியும்படி ஒரு படம். பிறகு வெள்ளைத் தாளில் நாலு வரி: இன்ன தேதியில் வீட்டை ஒப்படைத்தேன், இத்தனை சாவி கொடுத்தேன், வாடகை இன்ன மாதம் வரை கட்டியாயிற்று, அட்வான்ஸ் இவ்வளவு, கழித்தது இவ்வளவு, மீதி இன்ன தேதிக்குள். இருவர் கையெழுத்து. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட யோசித்தால் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, படித்துவிட்டார் என்ற நீலக் குறி வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அட்வான்ஸ் கையில் வரும்வரை ஒரு சாவியை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தச் சாவி உங்களிடம் இருக்கும்வரை வீடும் உங்களிடம் இருப்பதாகச் சொல்லி வாடகை கேட்பார்கள். அதனால் எல்லாச் சாவியையும் கொடுத்துவிடுங்கள்.